தறிக்குழியைச் சுற்றி ஒரு குடும்பம்

பிள்ளையார்பாளையத்தில் தறி ஓடும் வீடு எதற்குள் போனாலும் முதலில் கண்ணில் படுவது தறிதான். தரையில் குழி, குழிக்குள் மிதி, மேலே ஜக்கார்டு பெட்டி. அதற்கு இடம் விட்டது போக மிச்சம் இருக்கிற இடத்தில்தான் மனிதர்கள் சமைக்கிறார்கள், சாப்பிடுகிறார்கள், படுத்து எழுகிறார்கள். கல்யாணப் பேச்சு நடப்பதும் அங்கேதான், இறந்தவரைக் கிடத்துவதும் அங்கேதான். காஞ்சிபுரம் வரும் வெளியூர்க்காரர்கள் இந்தப் பகுதி வழியாகத்தான் கைலாசநாதர் கோயிலுக்குப் போகிறார்கள். ராஜசிம்மப் பல்லவன் 8ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுப்பிய மணற்கல் கோயிலைப் பார்த்துவிட்டு, ஏதோ ஒரு பட்டுக்கடையில் ஏறி இறங்கி, இருட்டுவதற்குள் ஊர் திரும்பிவிடுவார்கள். போகிற வழியில் தறிச் சத்தம் காதில் விழுந்திருக்கும். ஒரு வீட்டில் அந்தச் சத்தம் நின்றுபோனால் உள்ளே என்ன நடந்திருக்கும் என்று சொல்வதற்கு ஒரு நாவலாசிரியர் வேண்டும்.

தமிழுக்கு அப்படி ஒருவர் கிடைத்தார். காஞ்சிபுரத்துக்காரர் அல்ல, கும்பகோணத்துக்காரர். எம்.வி. வெங்கட்ராம்.

1920 மே 18 அன்று கும்பகோணத்தில் சௌராஷ்டிரக் குடும்பத்தில் பிறந்தவர். 1936இல், பதினாறு வயதுப் பையனாக இருந்தபோதே ‘மணிக்கொடி’யில் ‘சிட்டுக்குருவி’ என்ற கதை வெளியாகிவிட்டது. கும்பகோணம் அரசுக் கல்லூரியில் பொருளாதாரம் படித்தார். எழுத்தாளர்கள் தி. ஜானகிராமனும் கரிச்சான் குஞ்சுவும் நெருங்கிய நண்பர்கள். ‘தேனீ’ என்று ஒரு இலக்கியப் பத்திரிகை நடத்திக் கையைச் சுட்டுக்கொண்டார். இதெல்லாம் இலக்கிய வரலாற்றில் இருக்கும். இங்கே முக்கியமானது வேறு: அவருடைய பிழைப்பு பட்டு ஜரிகை வியாபாரம்.

அதாவது தறியில் உட்கார்ந்து நெய்தவர் அல்ல. நெய்கிறவர்களோடு கொடுக்கல் வாங்கல் வைத்திருந்தவர். பட்டுத் தொழிலில் இது சாதாரண வித்தியாசம் இல்லை. கூலிக்கு நெய்கிறவருக்கு முதலாளி பட்டையும் ஜரிகையையும் எடை போட்டுத்தான் கொடுப்பார். சேலை அறுத்துக் கொண்டுவந்ததும் அதையும் எடை போடுவார். குறைந்தால் கூலியில் பிடித்தம். வாங்கிய முன்பணத்துக்கும் அதிலேயே கழித்துக்கொண்டு மீதியைக் கையில் கொடுப்பார்கள். தராசுக்கு இந்தப் பக்கம் இருந்து அந்தத் தொழிலைப் பார்த்தவர், எழுத உட்கார்ந்தபோது மனசால் தராசுக்கு அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டார். அவர் எழுத்தின் பெருமைக்கு இதைவிடப் பெரிய சாட்சி தேவையில்லை.

எம்.வி.வி.யின் கதைகளை உளவியல் கதைகள் என்று சொல்வது வழக்கம். தவறில்லை. ஆனால் அப்படிச் சொல்லி நிறுத்திக்கொண்டால் அவருடைய பாதிதான் கிடைக்கும். ஒரு குடும்பத்துக்குள் யார் யாரிடம் அன்பாக இருக்க முடியும், யாருக்கு யாரிடம் கோபப்பட உரிமை உண்டு, யார் கல்யாணம் தள்ளிப்போகும் என்பதையெல்லாம் அந்த வீட்டுத் தறியும் அதன் கூலியும் தீர்மானிக்கிற விதத்தை அவர் அளவுக்குத் துல்லியமாக எழுதியவர்கள் குறைவு. அவர் கதையில் துக்கம் விதியாக வானத்திலிருந்து இறங்குவதில்லை. அதற்கு வரவு செலவு இருக்கிறது.

‘பைத்தியக்காரப் பிள்ளை’ கதையை எடுத்துக்கொள்ளலாம். ராஜம் என்ற இளைஞன் விடிவதற்கு முன்பே தறிக்கு எழுந்திருக்கிறான். அவன் உழைப்பை நம்பி வீடு நிறையப் பிறந்தவர்கள். சுடுசொல் தவிர வேறு எதுவும் வாயில் வராத ஒரு தாய். அவன் மனசுக்குப் பிடித்த ஒரு பெண் இருக்கிறாள். அவன் கேட்பது அதிகம் ஒன்றுமில்லை: வேலை ஒழுங்காக ஓட வேண்டும், சேலை முடிய வேண்டும், ஒரு கல்யாணம் நடக்க வேண்டும். அந்த வீடு அதற்கு இடம் தருகிறதா என்பதுதான் கதை. முடிவை இங்கே சொல்லப்போவதில்லை. படிக்காதவர்கள் படித்தே தெரிந்துகொள்ள வேண்டும். ஆனால் அந்தத் தாயைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். வேறொரு எழுத்தாளர் கையில் அவள் வெறும் கொடுமைக்காரியாகியிருப்பாள். எம்.வி.வி. அவளை மன்னிக்கவும் இல்லை, கைவிடவும் இல்லை. சம்பாதிக்கிற பிள்ளை கல்யாணம் செய்துகொண்டு நகர்ந்துவிட்டால் மிச்சம் உள்ள வயிறுகளுக்கு என்ன வழி என்ற பயம் அவள் கத்தலுக்கு அடியில் ஓடிக்கொண்டே இருக்கிறது. அந்தப் பயம் தெரிந்துவிட்டால் அவளை வெறுப்பது கஷ்டம்.

இந்த இடத்தில் காஞ்சிபுரத்துத் தறியைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும். காஞ்சிப் பட்டின் பெயரே கோர்வையில் இருக்கிறது. சேலையின் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். இரண்டையும் தனித்தனி ஊடை போட்டு நெய்து, சேருகிற இடத்தில் இழையோடு இழை மாட்டிக்கொண்டே போக வேண்டும். மூன்று நாடாக்கள் ஓடும்: உடலுக்கு ஒன்று, இரண்டு கரைக்கும் ஒவ்வொன்று. ஒரே ஆளால் மூன்றையும் சமாளிப்பது பெரும்பாடு. ஆகவே நெசவாளருக்குப் பக்கத்தில் கரை கோக்க இன்னொருவர் உட்கார வேண்டும். நெய்து முடித்த சேலையில் கரையும் உடலும் சேர்ந்த கோட்டின் மேல் விரலை வைத்து நகர்த்தினால் லேசாக மேடு தட்டும். இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்த அடையாளம் அது.

அந்த இன்னொருவர் யார்? பெரும்பாலான வீடுகளில் மனைவி. அல்லது மகள், தம்பி, மகன். அதனால்தான் இந்தத் தொழிலில் குடும்பச் சண்டை என்பது வேலை நிறுத்தமும்கூட. பொண்டாட்டி கோபித்துக்கொண்டு பிறந்த வீட்டுக்குப் போனால் அன்றைக்குக் கோர்வை நிற்கும். மகளைக் கட்டிக் கொடுத்தால் தறிக்கு ஒரு கை குறையும். துணைவர் செத்துப்போனால் அழுது முடிப்பதற்குள் அடுத்த கேள்வி வந்து நிற்கும்: பாதியில் நிற்கிற பாவை யார் முடிப்பது? காதலும் சாவும் இவ்வளவு நேரடியாகத் தொழிலில் போய் இடிக்கிற வேறு வீடுகள் அதிகம் இல்லை. எம்.வி.வி. எழுதியது கும்பகோணத்தை என்றாலும், பிள்ளையார்பாளையத்து வாசகர் ஒருவருக்கு அவர் கதையில் எதையும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

‘வேள்வித் தீ’ நாவல் இதன் விரிவு. கண்ணன் என்ற நெசவாளன் வறுமையிலிருந்து தன் கை உழைப்பால் மேலேறுகிறான். சொந்தத் தறி, சின்ன வீடு, கௌசலை என்ற மனைவி. அவர்கள் இருவருக்கும் இடையில் இருக்கிற பிரியத்தை எம்.வி.வி. அலங்காரம் இல்லாமல் எழுதுகிறார். பேச்சில், சாப்பாட்டில், நாளைக்கு என்ன வேலை என்ற கணக்கில் அது தெரிகிறது. பிறகு ஹேமா வருகிறாள். வசதியுள்ளவள், இளம் வயதிலேயே கணவனை இழந்தவள். கண்ணன் அவள் பக்கம் சாய்கிறான். கௌசலை தன் உயிரை மாய்த்துக்கொள்கிறாள்.

கதையைச் சுருக்கிச் சொன்னால் மூன்று வரிதான், எந்தத் தொடர்கதையிலும் இருக்கக்கூடிய மூன்று வரி. நாவலின் கனம் வேறு இடத்தில் இருக்கிறது. ஹேமாவை அவர் வீட்டைக் கெடுக்க வந்தவளாக எழுதவில்லை. அவளுக்கு ஒரு தனிமை இருக்கிறது; அது பொய்யில்லை. கண்ணனையும் கெட்டவனாக்கவில்லை. பட்டினியை ஜெயித்தவனுக்கு, வயிறு நிறைந்த பிறகு வருகிற ஆசையை எப்படிக் கையாள்வது என்று தெரியவில்லை. இந்த மூன்று பேரில் யார் பக்கமும் சாயாமல் இருப்பதற்கு ஒரு எழுத்தாளருக்கு எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும் என்று யோசித்துப் பார்க்கலாம். அந்தக் காலத்துக் குடும்பக் கதைகள் பெரும்பாலும் யாராவது ஒருவரைத் தண்டித்துவிட்டுத்தான் முடிந்தன.

அயர்லாந்தில் கொலம் டோபீன் என்று ஒரு நாவலாசிரியர் இருக்கிறார். 1955இல் எனிஸ்கார்த்தி என்ற சிறு ஊரில் பிறந்தவர். பன்னிரண்டு வயதில் பள்ளி ஆசிரியரான அப்பாவைப் பறிகொடுத்தார். அந்த இழப்பை ஒட்டி அவர் எழுதிய ‘நோரா வெப்ஸ்டர்’ 2014இல்தான் வெளிவந்தது. கணவனை இழந்த ஒரு தாய், நான்கு பிள்ளைகள், எல்லாரும் எல்லாரையும் தெரிந்துவைத்திருக்கிற ஊர். நாவலில் பெரிய சம்பவம் என்று ஒன்றும் இல்லை. நோரா கடற்கரைக் கிராமத்தில் இருந்த கோடை வீட்டை விற்கிறாள். கல்யாணத்துக்கு முன் வேலை பார்த்த அதே அலுவலகத்துக்குத் திரும்பிப் போகிறாள். முடிக்குச் சாயம் போட்டுக்கொள்கிறாள், ஊர் என்ன பேசுமோ என்று குமைகிறாள். இளைய பிள்ளைகள் இருவரும் அப்பாவைப் பற்றிப் பேசுவதே இல்லை. மூத்தவனுக்குத் திக்குவாய் வந்துவிடுகிறது. கண்ணீர்க் காட்சி கிட்டத்தட்ட இல்லாமலே ஒரு வீட்டின் முழுத் துக்கத்தையும் டோபீன் சொல்லிவிடுகிறார்.

எனிஸ்கார்த்தியும் கும்பகோணமும் பூமியின் இரண்டு மூலைகள். ஆனால் இருவரும் செய்தது ஒரே மாதிரி வேலை. சாவுக்குப் பிறகு பணம் எங்கிருந்து வரும் என்ற கேள்வியை இலக்கியத்துக்குத் தகுதி இல்லாத கேள்வி என்று இருவரும் ஒதுக்கவில்லை. இருவரும் தங்கள் ஊரை விட்டு நகரவில்லை. டோபீன் உடம்பால் எத்தனையோ நாடுகளுக்குப் போனவர், கதைக்கு மட்டும் திரும்பத் திரும்ப எனிஸ்கார்த்திக்கே வருவார். 2009இல் வந்த ‘புரூக்ளின்’ நாவலின் எய்லிஷ் பிழைப்புக்காக அமெரிக்காவுக்குக் கப்பலேறுகிறாள். அக்கா இறந்த செய்தி கேட்டு ஊர் திரும்பும்போது இரண்டு கரைகளிலும் ஒவ்வொரு ஆண் காத்திருக்கிறான். 2015இல் அது படமாகி உலகம் முழுக்க ஓடியது.

எம்.வி.வி.க்கு அந்த மாதிரி எதுவும் நடக்கவில்லை. வியாபாரம் நொடித்தது. வீட்டை ஓட்டுவதற்காக நாட்டுத் தலைவர்களின் சிறு வாழ்க்கை வரலாறுகளைப் பதிப்பகத்துக்கு எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தார். அதைவிடப் பெரிய சோதனை காதில் வந்தது. யாரோ பேசுவது போன்ற குரல்கள், வசையும் ஆபாசமுமாக, ஓய்வே இல்லாமல், ஏறத்தாழ 20 ஆண்டுகள். அந்த அனுபவத்தைத்தான் மகாலிங்கம் என்ற பாத்திரத்தின் மேல் ஏற்றி ‘காதுகள்’ என்று எழுதினார். 1993இல் சாகித்திய அகாதெமி விருது அந்த நாவலுக்குத்தான் கிடைத்தது. 2000 ஜனவரி 14 அன்று காலமானார்.

‘காதுகள்’ பற்றிப் பேசுகிறவர்கள் எல்லாரும் அந்தக் குரல்களைப் பற்றியே பேசுகிறார்கள். அது இயல்பு, தமிழில் அதற்கு முன் அப்படி ஒன்றை யாரும் எழுதியதில்லை என்று சொல்லத் தோன்றும் அளவுக்கு அது அசாதாரணமான எழுத்து. ஆனால் அந்த நாவலைக் குடும்ப நாவலாகவும் படித்துப் பார்க்க வேண்டும். தலைக்குள் கூச்சலோடு ஒருவன் உட்கார்ந்திருக்கிறான். வருமானம் தேய்ந்துகொண்டே போகிறது. அடுப்பு எரிய வேண்டும், பிள்ளைகள் வளர வேண்டும். அந்த வீட்டை அவன் மனைவி தாங்கிக்கொண்டு நிற்கிறாள். அவளுக்கு அந்தக் குரல்கள் கேட்பதில்லை. கேட்காத ஒன்றால் கண்ணெதிரே புருஷன் அழிவதைப் பார்க்கிறவளின் நிலைமை அவன் நிலைமையைவிடச் சுலபமா? மனநோயாளி ஒருவர் இருக்கிற வீட்டில் வாழ்ந்தவர்களுக்கு இந்தக் கேள்வியின் எடை தெரியும்.

‘நித்யகன்னி’யையும் இந்த வரிசையில் வைக்க வேண்டும். பார்வைக்கு அது மகாபாரதத்து மாதவி கதை. ஒரு காது மட்டும் கறுத்த 800 வெள்ளைக் குதிரைகளைக் குருதட்சிணையாகக் கொடுக்க வேண்டிய காலவ முனிவன் யயாதியிடம் வந்து நிற்கிறான். கையில் குதிரை இல்லாத யயாதி மகளைத் தூக்கிக் கொடுக்கிறான். அவள் ஒவ்வொரு அரசனிடமும் இருந்து பிள்ளை பெற்றுக் கொடுத்துவிட்டு அடுத்தவனிடம் போக வேண்டும்; ஒவ்வொரு தடவையும் மறுபடி கன்னியாகிவிடுவாள் என்பது வரம். அப்பாவின் கொடைப் பெயர் காப்பாற்றப்படுகிறது, முனிவனின் கடன் தீர்கிறது. அவள் மனசு யாரிடம் இருந்தது என்று எம்.வி.வி. கேட்கிறார். அந்தக் கேள்வியிலிருந்துதான் நாவல் பிறக்கிறது.

கடனுக்குப் பிள்ளையைக் கொடுப்பது புராணத்தோடு முடிந்துபோன காரியமா? காஞ்சிபுரத்தில் இல்லை. கரை கோக்க ஆள் இல்லாத தறிகளுக்குச் சிறுவர்களும் சிறுமிகளும் முன்பணத்துக்கு ஈடாகப் போய் உட்கார்ந்த காலம் இந்த ஊருக்கு இருந்தது. அப்பா வாங்கிய முன்பணம் அடையும்வரை பிள்ளை அந்தத் தறியை விட்டு எழ முடியாது. இந்தியப் பட்டுத் தொழிலில் குழந்தைக் கொத்தடிமை முறை பற்றி ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் 2003இல் வெளியிட்ட அறிக்கையில் காஞ்சிபுரமும் இடம்பெற்றது. கூட்டுறவுச் சங்கங்கள், அரசு, தொண்டு நிறுவனங்கள், பள்ளிக்கூடங்கள் எல்லாம் சேர்ந்து அந்த வழக்கத்தைப் பெருமளவு ஒழித்தார்கள். அப்படித் தறியில் பால்யத்தைக் கழித்தவர்கள் இன்று நடுவயதுக்காரர்களாக இந்தத் தெருக்களில் நடமாடுகிறார்கள். மாதவியின் கதை அவர்களுக்குத் தூரத்துக் கதை இல்லை.

காஞ்சிபுரத்தை நேரடியாகத் தொட்ட படைப்பு என்றால் பலருக்கு நினைவு வருவது பிரியதர்ஷனின் ‘காஞ்சிவரம்’ படம். சிறந்த படத்துக்கான தேசிய விருதும், பிரகாஷ்ராஜுக்குச் சிறந்த நடிகர் விருதும் வாங்கியது. பிறந்த மகளின் காதில், பட்டுச் சேலை கட்டித்தான் உன்னைக் கல்யாணம் செய்து கொடுப்பேன் என்று வாக்குக் கொடுத்துவிடுகிறான் வேங்கடம். பட்டு நெய்கிறவன் வீட்டுக்குப் பட்டு எட்டாது. நூலை வாய்க்குள் ஒளித்துக் கொண்டுவந்து இரவில் ரகசியமாக நெய்கிறான். எடை போட்டுக் கொடுத்து எடை போட்டு வாங்குகிற தொழிலில் அந்தத் திருட்டு எவ்வளவு சின்னது, எவ்வளவு பெரியது என்று நெசவாளர் வீட்டில் பிறந்தவர்களுக்குத் தெரியும். படம் உலுக்கிவிடுகிறது. ஆனாலும் அதில் எல்லாக் கனமும் ஒரே ஆசையின் மேல் ஏறி நிற்கிறது. எம்.வி.வி. அப்படி ஒரே ஆணியில் கதையை மாட்டுவதில்லை. அவருடைய நெசவாளன் சேலைக்கு ஏங்குகிறவன் மட்டும் அல்ல. பொறாமைப்படுகிறான், காதலிக்கிறான், தம்பியிடம் எரிந்து விழுகிறான், நாலு காசு சேர்ந்ததும் பெருமிதப்படுகிறான்.

நெசவாளர் வாழ்க்கையைத் தமிழ் நாவல் ‘வேள்வித் தீ’க்கு முன்பும் எழுதியிருக்கிறது. தொ.மு.சி. ரகுநாதனின் ‘பஞ்சும் பசியும்’ 1953இல் வந்தது. நூல் பஞ்சத்தில் தறிகள் நின்று தெருவே பட்டினியில் விழுந்த காலத்தைப் பிடித்து வைத்த நாவல் அது. அதன் கண் ஊர்வலத்தின் மேலும் சங்கத்தின் மேலும் இருக்கிறது. ஊர்வலம் முடிந்து வீட்டுக்குப் போனவன் பெண்டாட்டி முகத்தை எப்படிப் பார்த்தான் என்பதை எழுத எம்.வி.வி. தேவைப்பட்டார். இரண்டும் வேண்டும்.

பிள்ளையார்பாளையத்தில் இப்போது நடப்பதை எழுதவும் ஒருவர் வர வேண்டும். காஞ்சிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்து இரண்டு பத்தாண்டுகள் ஆகிவிட்டன. தங்கம் வெள்ளி விலை ஏறும்போதெல்லாம் ஜரிகை விலையும் ஏறுகிறது. விசைத்தறிச் சேலை அசல் போலவே கடையில் அடுக்கியிருக்கிறது. பிள்ளைகள் ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்குக் கம்பெனி பஸ்ஸில் போய் வருகிறார்கள். மாதச் சம்பளம், பிடித்தம் இல்லாத லீவு, உட்கார்ந்தே இடுப்பு ஒடியாத வேலை. அவர்கள் போனதில் யாரும் குறை சொல்ல முடியாது, பெற்றவர்களும் சொல்வதில்லை. வீட்டில் வயசான புருஷனும் பெண்சாதியும் இரண்டு பக்கமும் உட்கார்ந்து கோர்வை போடுகிறார்கள். அவர்களில் ஒருவருக்குக் கண்ணில் புரை வந்தாலோ முட்டி மடக்க முடியாமல் போனாலோ தறியைப் பிரித்துவிட வேண்டியதுதான். பிரித்த பிறகு அந்தக் குழியை மூடி டைல்ஸ் போடுகிறார்கள். வீடு திடீரென்று பெரிதாகிவிடுகிறது. எம்.வி.வி. இருந்திருந்தால் அந்த வீட்டை விட்டிருக்க மாட்டார்.

அவருடைய நூல்கள் மறுபதிப்புகளாகக் கிடைக்கின்றன. புதிதாகப் படிக்கிறவர்கள் ‘பைத்தியக்காரப் பிள்ளை’யில் தொடங்குவது நல்லது, ஒரே மாலையில் முடித்துவிடலாம், ஆனால் அன்றிரவு தூக்கம் சுலபமாக வராது. அடுத்து ‘வேள்வித் தீ’. மொழி கொஞ்சம் ஏறி இறங்கும் ‘நித்யகன்னி’யை அவசரமில்லாமல் படிக்க வேண்டும். ‘காதுகள்’ கடைசியில், அவர் யார் என்று தெரிந்த பிறகு அந்தக் குரல்களின் பயங்கரம் இரண்டு மடங்காகும். காஞ்சிபுரத்துப் பள்ளிகளில் மேல்வகுப்புப் பிள்ளைகளுக்கு ராஜத்தின் கதையை வாசிக்கக் கொடுக்கலாம். கரை கோப்பது எப்படி என்று ஆசிரியர் விளக்கத் திணறினால் பின் பெஞ்சிலிருந்து யாராவது ஒரு பிள்ளை எழுந்து கையாலேயே செய்து காட்டிவிடும்.